கை நிற்கும் இடம்

ஜூன் 9, திங்கள்

எடிட்டிங் அறையில் ஏசி இன்றைக்கும் ஒழுகியது. கீழே வாளியை வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். புதுப் படம், பேய்ப் படம். இயக்குநர் மகிழ்நனுக்கு இதுதான் முதல் படம். பாண்டிச்சேரியில் நாடகம் படித்தவராம். வந்து உட்கார்ந்ததும் காபியைக் கூடத் தொடாமல் கிரேக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் அங்கே போட்ட துன்பியல் நாடகங்களின் வயிற்றில் பிறந்தவைதான் இன்றைய பேய்ப் படங்கள் எல்லாம் என்கிறார்.

"ஒரு வீடு, ஒரு குடும்பம், பழைய பாவம் ஒண்ணு. அது தலைமுறை தாண்டி வந்து கழுத்தைப் பிடிக்குது. இது பேய்ப் படமா, கிரேக்க நாடகமா? நீங்களே சொல்லுங்க மேடம்."

"எங்க தெருவுல நாலு வீட்டுக்கு இந்தக் கதை பொருந்தும் தம்பி" என்றேன். என் உதவியாளர் இருதயராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் வாளியைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போனார்.

கதை இதுதான். பழைய வீட்டில் பூட்டிய அறை ஒன்று. ராத்திரியில் யாரோ அதைத் திறந்துவிடுகிறார்கள். திறந்த மறுநாள் வீட்டில் ஒரு சாவு. வீட்டுக்காரி மரகதம், திறந்தது யார் என்று கண்டுபிடித்து வீட்டை விட்டுத் துரத்துவேன் என்று எல்லார் முன்னாலும் சபதம் போடுகிறாள். அறை வாசலில் சாம்பலைத் தூவி, பதிந்த தடத்தில் ஒவ்வொருவர் காலாக வைத்துப் பார்க்கிறாள். யார் காலும் பொருந்தவில்லை; சந்தேகத்தில் வேலைக்காரியைத் துரத்திவிடுகிறாள். கடைசியில் பொருந்துவது அவள் கால். தூக்கத்தில் நடந்துபோய்த் திறந்தவள் அவளேதான்.

"பார்க்கிறவனுக்கு இது பாதியிலேயே புரிஞ்சிடும். தேடுறவளுக்கு மட்டும் கடைசி வரைக்கும் புரியாது. பயமே அங்கதான் இருக்கு" என்றார் மகிழ்நன்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தன் கால் எங்கே போயிற்று என்று ஒரு பொம்பளைக்கு அவ்வளவு நாள் தெரியாமலா இருக்கும்? பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளாத இயக்குநரை நான் நம்புவதில்லை.

ஜூன் 11, புதன்

தயாரிப்பாளர் நாச்சிமுத்து ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். விசைத்தறி முதலாளி. கொலைக் காட்சியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், கதவு சாத்துது, அப்புறம் வேலைக்காரி வந்து சொல்றா. ரத்தத்தைக் காட்டவே இல்லீங்களே" என்றார். அவர் கவலை நியாயம்தான்.

அதற்கும் கிரேக்கம் வந்தது. அங்கே கொலையை மேடையில் காட்ட மாட்டார்களாம். கதவுக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்கும். பிறகு தூதன் ஒருவன் வெளியே வந்து, உள்ளே நடந்ததை வார்த்தை வார்த்தையாகச் சொல்வான். கூடவே ஊர்ப் பெண்கள் கூட்டம் ஒன்று ஓரமாக நின்று, ஐயோ இப்படிச் செய்யாதே என்று பேசிக்கொண்டே இருக்குமாம். ஆனால் கதையில் கையை வைக்காது. இன்றைய பேய்ப் படத்தில் அந்தக் கூட்டத்தின் வேலையைத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்கிறார்கள் என்றார் மகிழ்நன். "அந்தக் கதவைத் திறக்காதடின்னு நாம கத்துறோம் இல்லையா மேடம், அதுதான்."

இதை மட்டும் ஒத்துக்கொண்டேன். பயப்படும் முகத்தில் எந்த நொடியில் வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும்; பயப்படுத்தும் பொருளைக் காட்டினால் அந்த நொடி போய்விடும். ஆனால் வேலைக்காரியாக நடிக்கும் பெண் பேசும்போது இமைக்கிறாள். இமைத்தால் பொய். வேறு டேக் எடுத்துப் போட்டேன். முகத்தில் பொய் எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு.

ஜூன் 12, வியாழன்

மாலை ரயிலில் இடம் கிடைத்தது. ரெஜினா பிடித்து வைத்திருந்தாள். கோடம்பாக்கத்தில் ஏறும் எனக்கு, பீச்சிலிருந்தே வரும் ரெஜினாதான் எப்போதும் கைப்பையைப் போட்டு இடம் வைப்பாள். ஆஸ்பத்திரி நர்ஸ். மடியில் தட்டு வைத்து, மறுநாள் சமையலுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வருவாள். எதிரில் வசுமதி, ரெவின்யூ ஆபீஸ் கிளார்க். பூ கட்டுவாள். பெண்கள் பெட்டியில் இந்தக் கூட்டம் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இரண்டு வளைகாப்பு இதே பெட்டியில் நடத்தியிருக்கிறோம்.

நான் வெட்டும் காட்சியை இவர்களிடம் சொல்லிப் பார்ப்பது வழக்கம். ரெஜினாவின் கை எங்கே நிற்கிறதோ அங்கே காட்சி பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவள் கை நிற்காமல் நறுக்கிக்கொண்டே இருந்தால் மறுநாள் வந்து அந்த இடத்தைக் குறைப்பேன். இதுவரை தவறியதில்லை. இது வம்பு பேசுவது அல்ல, தொழில்.

சாம்பல் தூவுவதைச் சொன்னபோது கை நிற்கவில்லை.

"சாம்பலா? இப்ப யார் வீட்டுல சாம்பல் இருக்கு?" என்றாள் ரெஜினா.

"சரி, அரிசி மாவுன்னு வச்சுக்க. வெள்ளை மாவு, அதுல ஒரு காலோட தடம், மெட்டி அழுத்தின பள்ளம் தனியாத் தெரியுது" என்றேன். கை நின்றது. வசுமதியும் நாரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு இந்த மாதிரி கதைன்னா சாப்பாடு கூட வேணாம்பா" என்றாள் வசுமதி. படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிறாள் அந்தப் பெண். போனைப் பார்த்துத் தானே பேசி வீடியோ போடுகிறாளாம். சமையலாக இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

ஏசி மெக்கானிக் வரவில்லை. வாளி நிறைந்தது.

ஜூன் 20, வெள்ளி

கிளைமாக்ஸ் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன். இருதயராஜ் சொன்ன ஒரு யோசனையால்தான்: மரகதம் தன் காலைத் தடத்தில் வைக்கும்போது காலைக் காட்டாமல், அவள் துரத்திவிட்ட வேலைக்காரியின் காலிச் செருப்பைக் காட்டலாம் என்றார். காட்டினோம். மகிழ்நன் எழுந்து நின்றுவிட்டார். இருதயராஜ் என்னோடு பதினோரு வருடம் இருக்கிறார். தூத்துக்குடிக்காரர். இந்தப் படத்தில்தான் முதல் முறையாக இணை எடிட்டர் என்று டைட்டிலில் தனி கார்டு. நான்தான் தயாரிப்பாளரிடம் பேசி வாங்கிக்கொடுத்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்படியா" என்று கிரிக்கெட் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைப் பற்றி இந்த மனிதர் கேட்ட ஒரே கேள்வி, எப்போது வருவாய் என்பதுதான். ரயிலில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன், அதனால் பெரிதாக வருத்தமில்லை. அங்கே ரெஜினாவின் கை பரங்கிமலையில் நின்றது, பல்லாவரம் வரைக்கும் கத்தி அசையவில்லை. "அவளேவா? பாவி, ஒரு அப்பாவியைத் துரத்திட்டாளே" என்றாள். அடுத்த சீட்டில் இருந்தவர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் கிளைமாக்ஸ் வெளியே போய்விட்டது.

யாரோ ஒரு பெண் யூடியூபில் கதை முழுக்கச் சொல்லிவிட்டாளாம். முகம் காட்டவில்லை, குரல் மட்டும். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். நாச்சிமுத்து போனில் கூப்பிட்டார். படத்தை வாங்குவதாகச் சொன்ன கம்பெனி, முடிவு தெரிந்த பேய்ப் படத்தை எவன் பார்ப்பான் என்று பின்வாங்குகிறதாம். "ரெண்டு தறி செட்டை அடமானம் வெச்சிருக்கேனுங்க" என்றார்.

மகிழ்நன் தன் போனை நீட்டினார். நான் பார்க்க மறுத்துவிட்டேன். என் அறையிலிருந்து திருடிய பொருளை நானே உட்கார்ந்து ரசிக்க வேண்டுமா? அந்தக் கருமத்தை நான் பார்க்க மாட்டேன்.

ஜூன் 25, புதன்

கிளைமாக்ஸ் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மகிழ்நன் தானே விளம்பரத்துக்காகச் செய்திருக்கலாம். அவருக்குக் கோபம் வராதது முதலிலேயே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் நேற்று அவர் கழிவறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். ஒலிப்பதிவுக்காரர் போட்டிப் படத்திலும் வேலை செய்கிறார். காபி கொண்டுவருபவன் கூடக் கதவருகே கொஞ்சம் அதிக நேரம் நிற்பதாகத் தோன்றுகிறது.

இருதயராஜ் மட்டும் எதுவும் பேசுவதில்லை. போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்ப் பேசுகிறார். முன்பெல்லாம் என் எதிரிலேயே பேசுவார்.

ஜூன் 27, வெள்ளி

வெள்ளிக்கிழமை பூஜை. மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டும்போது எல்லாரும் இருந்தார்கள். எனக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது. தட்டை வாங்கி, சுடர் மேல் கையை வைத்தேன்.

"இந்தக் கதையை வெளியில கொண்டுபோய்ச் சொன்னது யாரா இருந்தாலும் சரி, அவங்க பேரு இந்தப் படத்துல வராது. என் கையாலயே வெட்டுவேன். இது கற்பூரத்து மேல சத்தியம்."

 மகிழ்நன்தான் மெதுவாக, "சபதம் வேண்டாம் மேடம். நாம வெட்டுற கதையிலேயே பார்க்கிறோமே" என்றார்.

"அது கதை தம்பி" என்றேன். உள்ளங்கையில் லேசாகச் சுட்டிருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவினேன்.

ஜூன் 30, திங்கள்

மதியம் கை கழுவிவிட்டு உள்ளே வந்தேன். இருதயராஜ் தன் போனில் மானிட்டரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். இமைத்தார்.

ஜூலை 1, செவ்வாய்

அனுப்பிவிட்டேன்.

"மானிட்டரை எதுக்கு இருதயம் போட்டோ எடுத்த?"

"அது ஒண்ணுமில்லக்கா. சும்மா."

"படிக்கட்டுல யார்கிட்டப் பேசுற?"

 "வீட்டுலதான்க்கா. அவளுக்குக் கொஞ்சம் முடியல."

"முடியலன்னா என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா லீவு போடும்பிய. படம் முடியட்டும்னு இருந்தேன்."

பொருத்தமாக ஒரு கதை. எத்தனை நடிகர்களைப் பார்த்திருக்கிறேன். போனைக் காட்டு என்று கேட்கவில்லை. கேட்டால் நான் கீழிறங்கியதுபோல் ஆகிவிடும். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றேன். அவர் சாவியை மேஜை மேல் வைத்தார்.

"பதினோரு வருசம்க்கா. நீங்க என்னைய அப்படி நெனச்சிட்டியளே, அதுதான் தாங்கல" என்று சொல்லிவிட்டு, ஏசிக்குக் கீழே இருந்த வாளியை எடுத்துக் கொட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இணை எடிட்டர் கார்டை நானே நீக்கினேன். மனசு சரியில்லை. ஆனால் சத்தியம் சத்தியம்தான்.

ஜூலை 2, புதன்

இஞ்சி டீயை இங்கே வேறு யாருக்கும் சரியாகப் போடத் தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நேற்றுப் புதிதாகச் சேர்த்த காட்சி: பூட்டிய அறைக்குள் தொட்டில் ஒன்று தானாக ஆடுவது. கதை கசிந்துவிட்டதே, புதிதாக ஏதாவது வேண்டும் என்று மகிழ்நன் அவசரமாக எடுத்துவந்தது. ரயிலில் சொல்லிப் பார்த்தேன். கிண்டியில் கை நின்றது. அப்படியே இருதயராஜ் கதையையும் சொன்னேன்.

ரெஜினாவுக்குத் தாங்கவில்லை. "அவரா? தீபாவளிக்கு நமக்கெல்லாம் மக்ரூன் கொடுத்துவிட்டாரே, அவரா? நல்லா விசாரிச்சியா நாயகி? வெளியில வேற யார்கிட்டயும் கதையைச் சொல்லலையா?"

"நானா? ஆபீஸை விட்டா வீடு, வீட்டை விட்டா ஆபீஸ். நம்ம பெட்டியைத் தவிர வேற எங்க வாயைத் திறக்கிறேன்?"

ரெஜினா தலையாட்டினாள். வசுமதி ஜன்னல் பக்கம் திரும்பிப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முடிச்சு தப்பாக விழுந்தது, அவிழ்த்து மறுபடி போட்டாள். வெயில் அதிகம், எல்லாருக்கும் களைப்பு.

ஜூலை 8, செவ்வாய்

தொட்டில் காட்சியும் வெளியே போய்விட்டது.

"இருதயராஜ் போறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வச்சிருப்பார்" என்றேன்.

"தொட்டிலை அவர் போனப்புறம்தான் மேடம் எடுத்தோம். அவர் பார்க்கவே இல்லையே" என்றார் மகிழ்நன். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல், "இன்னொரு விசித்திரம் மேடம். முதல் வீடியோவிலயும் சரி, இதுலயும் சரி, அந்தப் பொண்ணு சாம்பல்னு சொல்லவே இல்லை. அரிசி மாவுன்னு சொல்லுது. மெட்டி அழுத்தின பள்ளம்னு வேற. நான் எழுதின எந்த வரைவுலயும் மாவு கிடையாது. மெட்டி கிடையாது. இது எங்கிருந்து வந்துச்சுன்னே புரியல."

ஏசி மெக்கானிக் இன்றைக்குத்தான் வந்தான். குழாயில் அடைப்பாம். ஊதி எடுத்தான். இனி வாளி வேண்டாம்.

ஜூலை 9, புதன்

லீவு போட்டேன். வீட்டுக்காரர் வெளியே போன பிறகு, வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். முழுக்கப் பார்த்தேன்.

நன்றாகத்தான் சொல்கிறாள் அந்தப் பெண். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துகிறாள். "பாவி, ஒரு அப்பாவியைத் துரத்திட்டாளே" என்கிறாள். நடுவில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "பால் பொங்குதுடி, பேசினது போதும்" என்கிறது. தினமும் ரயிலில் எதிர் சீட்டில் கேட்கும் குரல்.

 தட்டைக் கழுவி வைத்தேன். கழுவிய தட்டை மறுபடி கழுவியிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

பஸ்ஸில் வந்தேன்.

ஜூலை 12, சனி

பம்மலில் இருதயராஜ் வீடு. மாடியில் ஒரு போர்ஷன். அவர் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி ஜான்சிதான் கதவைத் திறந்தாள். ஏழாம் மாதம், கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிரஷர் ஏறிக்கொண்டே போகிறதாம், டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்கிறாராம். எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் எடுத்துவந்தாள். நான் தடுப்பதற்குள் வந்துவிட்டாள்.

"அவியளுக்கு உங்க மேல கோவம் இல்லக்கா. படம் வரும்போது பாரு, என் பேரு பெருசா வரும்னு இதை அனுப்பினாவ" என்று போனைக் காட்டினாள். எங்கள் மானிட்டர். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், இணை எடிட்டர், அதன் கீழே அவர் பெயர். ஓரத்தில் வாளி கூடத் தெரிந்தது. அதைத்தான் அன்றைக்குப் படம் பிடித்திருக்கிறார். ஜான்சி எதிரில் அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

இருதயராஜ் மருந்துப் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"திங்கக்கிழமை வந்துடு இருதயம். தப்பு என்னுது" என்றேன்.

"யாருன்னு தெரிஞ்சிட்டாக்கா?"

"தெரிஞ்சிடுச்சு. தினமும் ரயில்ல போற ஒரு பொம்பளை."

அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு, "டீ போடுதேன், இருங்க" என்று உள்ளே போனார். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது.

ஜூலை 15, செவ்வாய்

டைட்டில் வேலையை முடித்தேன். இருதயராஜைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தனியாகச் செய்தேன். அவர் கார்டைத் திருப்பிப் போட்டேன். இணை என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன். ஒளிப்பதிவு, அடுத்தது எடிட்டிங் இருதயராஜ், அடுத்தது இசை. இருந்த ஒரு கார்டு இப்போது இல்லை. அந்த இடைவெளியை மூட, பின்னணியில் வரும் காற்றுச் சத்தத்தைக் கொஞ்சம் இழுத்தேன். ஒட்டுப் போட்டது தெரியவில்லை.

மாலை மகிழ்நன் கூப்பிட்டார். "மேடம், உங்க கார்டு விடுபட்டுப் போச்சு."

"விடுபடல தம்பி."

 அவர் மிக மெதுவாக, "மாவு" என்றார்.

"மிக்ஸிங்குக்கு நேரமாகுது, வைங்க" என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படம் வெளியானது. கம்பெனி விலையைக் குறைத்து வாங்கியதாம். நாச்சிமுத்து தறியை மீட்டுவிட்டார், ஆனால் லாபமில்லை. கதை தெரிந்தும் ஜனங்கள் வருகிறார்கள். மகிழ்நனுக்கு ஆச்சரியமே இல்லை. கிரேக்கத்திலும் எல்லாருக்கும் கதை முன்பே தெரியுமாம், தெரிந்துகொண்டேதான் வந்து உட்கார்வார்களாம். என்ன நடக்கும் என்பதில் இல்லை பயம், அவளுக்கு எப்போது தெரியும் என்பதில்தான் என்றார். அப்படியென்றால் கதை வெளியே போனதற்காக நான் ஒரு மனிதரைத் துரத்தியிருக்கவே வேண்டாம். அவர் அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு மாதமாக பஸ். இன்றைக்கு மழை, வழியில்லை. ரயில் ஏறினேன். ரெஜினா கைப்பையை எடுத்து இடம் விட்டாள், நேற்றுத்தான் பார்த்ததுபோல. இத்தனை நாளும் வைத்திருந்தாளா என்று கேட்கவில்லை. வசுமதி எதிரில் இருந்தாள். தலை நிமிரவில்லை. அவளிடம் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. வாய் என்னுடையது.

"படம் பார்த்தோம் நாயகி" என்றாள் ரெஜினா, நறுக்கிக்கொண்டே. "கடைசியில அந்தச் செருப்பைக் காட்டுறப்ப தியேட்டரே மூச்சு விடல. ஆனா ஒண்ணு. உன் பேரு வரும் வரும்னு எழுத்தெல்லாம் ஒண்ணுவிடாமப் படிச்சேன். வரவே இல்லையே. ஏன்?"

வசுமதியின் கையில் பூ கசங்கியது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மீனம்பாக்கம் போய்க்கொண்டிருந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன், அப்புறம் மூடிக்கொண்டேன்.

ரெஜினா என்னைப் பார்த்தாள், வசுமதியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் கை நின்றது. குரோம்பேட்டை வந்து நான் இறங்கும் வரைக்கும் அது அசையவில்லை.